கணுக்கால் சுளுக்கும் விளையாட்டு அறிவியல் பாடமும்: சுங்கை சிப்புட் மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து படிவம் 4 மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு விளையாட்டு அறிவியலை எடுத்திருக்கிறாள். எலும்பு, தசைப் பெயர்கள் மண்டையில் நிற்க மாட்டேன் என்கின்றன. இதற்கு நடுவில் வலைப்பந்துப் பயிற்சியில் கால் பிசகிவிட்டது, இன்று நாலாம் நாள். இரண்டு வாரத்தில் மாவட்டப் போட்டி. பாட்டி எண்ணெய் போட்டு உருவ வேண்டும் என்கிறார். பயிற்சி ஆசிரியர் ஐஸ் வைத்துப் படுத்திரு என்கிறார். தோழிகள் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடு என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? படிவம் 1 படிக்கும் தம்பிக்கு முட்டிக்குக் கீழே புடைத்திருக்கிறதே, அது என்ன? இந்தத் துறையில் மேலே படிக்க வழி உண்டா?

பாடத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் கால்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆனால் கடிதத்தைப் படித்துக் காலைப் பார்க்க முடியாது. எலும்பு முறிந்திருக்குமா என்று நீயே தொட்டுப் பார்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவர் குழுவும் அதை வகுத்தார்கள். அதுவரை கால் பிசகி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பலருக்கு எலும்பில் ஒன்றும் இருக்காது. யாருக்கு எடுக்க வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று விரலாலேயே கண்டுபிடிக்கிற முறை இது. இன்றும் பல நாட்டு அவசரப் பிரிவுகளில் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து நல்ல காலை முதலில் தடவிப் பார். எது இயல்பு என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அப்புறம் அடிபட்ட கால். வெளிப்பக்கக் கணு முட்டின் நுனியில் தொடங்கி, அதன் பின் ஓரமாக மேலே 6 சென்டிமீட்டர் வரை எலும்பின் மேல் அழுத்திக்கொண்டே போ. உட்பக்க முட்டிலும் அப்படியே செய். அடுத்து, பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரல் பக்கமிருந்து குதிகால் பக்கமாகத் தடவிக்கொண்டு வந்தால் பாதி வழியில் ஒரு மேடு தட்டும். ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பின் அடிப்பகுதி அது. அங்கே அழுத்து. உட்பக்கத்தில் கணு முட்டுக்குக் கொஞ்சம் முன்னாலும் கீழேயும் இருக்கும் நேவிகுலர் எலும்பையும் அழுத்து. இந்த நாலு இடங்களில் எங்காவது எலும்பின் மேலேயே சுரீர் என்று வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். கடைசியாக, அடிபட்ட உடனேயோ இப்போதோ நாலு எட்டு வைக்க முடிகிறதா? நொண்டினாலும் கணக்குதான். இரண்டு நேரத்திலும் முடியவில்லை என்றால் அதற்கும் எக்ஸ்ரே வேண்டும்.

எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒன்று இருந்தாலும் நாளைக் காலையில் கிளினிக் போ. பாதம் மரத்துப்போயிருந்தாலோ, வெளிறிக் குளிர்ந்திருந்தாலோ நாளை வரை காத்திருக்காதே.

இதைச் செய்து முடித்தபோதே பாடத்தில் ஒரு பகுதியைப் படித்துவிட்டாய். இரண்டு கணு முட்டுகளின் நுனியிலும் ஒவ்வொரு விரலை வைத்துப் பார், வெளிப்பக்கம் கீழே இறங்கியிருக்கும். வெளி முட்டு, ஃபிபுலா என்கிற மெல்லிய எலும்பின் கீழ் முனை. உள் முட்டு, டிபியா என்கிற தடித்த எலும்பின் கீழ் முனை. இரண்டுக்கும் நடுவில் டேலஸ் என்ற எலும்பு செருகி நிற்கிறது. வெளிப்பக்க எலும்பு தாழ இறங்கி அணைத்திருப்பதால் பாதம் வெளியே சாய்வது கடினம், உள்ளே மடங்குவது சுலபம். அதோடு டேலஸ் எலும்பு முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருக்கிறது. பாதம் தட்டையாக ஊன்றியிருக்கும்போது அகலமான பகுதி இறுக்கமாகப் பொருந்தும். நீ நுனிக்காலில் இறங்கும்போது குறுகலான பகுதி உள்ளே வந்து மூட்டு தளர்ந்துவிடும்.

இப்போது உன் விளையாட்டை நினைத்துப் பார். எம்பிப் பந்தைப் பிடிக்கிறாய், நுனிக்காலில் இறங்குகிறாய். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது. ஊன்றிய காலைத் தூக்கினால் பந்தைக் கையை விட்டு அனுப்பிய பிறகுதான் மறுபடி ஊன்றலாம். ஆகவே முழு வேகத்தையும் அந்த ஒரு காலிலேயே நிறுத்த வேண்டும். அதுவும் பாலாய் ராயா என்கிற ஊர்ப் பொது மண்டபத்துப் பக்கத்து சிமெண்ட் தரையில், இன்னொருத்தியின் சப்பாத்து மேல் உன் பாதம் விழுந்தால் வேறு என்ன நடக்கும்?

வெளிப்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் நார்கள் மூன்று. இவற்றைத்தான் லிகமென்ட் என்கிறோம். ஃபிபுலாவிலிருந்து டேலஸுக்கு முன்பக்கமாகப் போவது ஒன்று, பின்பக்கமாகப் போவது ஒன்று, குதிகால் எலும்புக்கு நேராக இறங்குவது ஒன்று. கால் உள்ளே மடங்கினால் பெரும்பாலும் முதலில் போவது முன்பக்கத்து நார்தான். வெளி முட்டுக்குச் சற்று முன்னாலும் கீழேயும் குழிவாக ஓர் இடம் இருக்குமே, அங்கே தொட்டால்தான் உனக்கு அதிகமாக வலிக்கும் என்று நினைக்கிறேன். உட்பக்கத்து நார் விசிறியாக விரிந்து தடிப்பாக இருப்பதால் அது லேசில் கிழியாது.

பாத ஓரத்து அந்த மேட்டை ஏன் அழுத்தச் சொன்னேன் தெரியுமா? காலின் வெளிப்பக்கமாக இறங்கி வரும் ஒரு தசையின் நாண் அங்கேதான் முடிகிறது. பாதம் உள்ளே மடங்கும்போது அதை வெளியே இழுத்துக் காப்பாற்றப் பார்ப்பது அந்தத் தசை. சில சமயம் அது இழுக்கிற இழுப்பில் எலும்பிலிருந்து ஒரு துண்டே பெயர்ந்து வந்துவிடும். சுளுக்கு என்று நினைத்து வாரக்கணக்கில் நொண்டிக்கொண்டு நடந்து, கடைசியில் எக்ஸ்ரேயில் அந்தத் துண்டோடு வந்து நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, எப்போது விளையாடலாம்? வலியின் அளவை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எது கிழிந்திருக்கிறது, அந்த இடத்துக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்று தெரிந்தால்தான் நாள் சொல்லலாம். விளையாட்டு மருத்துவத்தில் என்னைக் கேட்டால் முதலில் படிக்க வேண்டியது இதுதான். பாடப் புத்தகம் எலும்புகளுக்கு ஓர் அத்தியாயம், தசைகளுக்கு ஓர் அத்தியாயம், ரத்த ஓட்டத்துக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்து வைத்திருக்கும். காயத்தில் மூன்றும் ஒன்றாக வரும்.

உன் தாத்தாவோ பாட்டியோ ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியிருந்தால் இதை அவர்களிடமே கேட்கலாம். பட்டையை மட்டும் சீவினால் சில வருடங்களில் புதுப்பட்டை வந்துவிடும், அதே இடத்தில் மறுபடி வெட்டலாம். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் ஆறும். கங்காணி திட்டுவது அதற்குத்தான். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உயிருள்ள மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது, அது பிழைத்தால் பட்டை பிழைக்கும். உடம்பில் அந்த வேலையைச் செய்வது ரத்தம் கொண்டுவரும் செல்களும் சத்தும்.

தசைக்கு ரத்தம் தாராளம். அதனால்தான் தசை கிழிந்தால் கன்னிப்போய் நீலம் பாரிக்கிறது, அதனால்தான் சீக்கிரமும் ஆறுகிறது. லேசான கிழிசல் ஒன்றிலிருந்து மூன்று வாரம். எலும்பைக் கட்டை என்று நினைக்கிறோம், ஆனால் அதற்குள்ளும் மேலேயும் நிறைய ரத்தக்குழாய்கள். கை எலும்பு முறிந்த சின்னப் பிள்ளை 6 வாரத்தில் மறுபடி மரம் ஏறும். தசையை எலும்போடு சேர்க்கும் நாணுக்கு ரத்தம் குறைவு. குதிகால் நாணில் எலும்புக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே ரத்த ஓட்டம் மிகவும் மெலிந்த பகுதி. அந்த நாண் அறுவது பெரும்பாலும் அங்கேதான். லிகமென்டுகளுக்கும் ரத்தம் குறைவு. மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது; மூட்டு நீரிலிருந்துதான் அதற்குச் சத்து. அது தேய்ந்தால் பழையபடி வளராது.

எலும்பிலும் விதிவிலக்கு உண்டு. கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்கு. மணிக்கட்டுப் பக்கத்தில் இரண்டு நாண்களுக்கு நடுவில் ஒரு குழி விழும். அந்தக் குழியின் அடியில் இருப்பது ஸ்கேபாய்டு என்ற சின்ன எலும்பு. அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து உள்ளே புகுந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோய் அது செத்தும் போகலாம். கையை ஊன்றி விழுந்தவனுக்கு அந்தக் குழியில் வலி இருந்தால், முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் கட்டுப் போட்டு 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் இந்த முறிவு முதலில் படத்தில் தெரியாமல் போவது உண்டு. தோட்டத்துத் திடல்களில் பந்து காப்பாளர்களாக நிற்கும் பையன்கள் "மணிக்கட்டுச் சுளுக்கு" என்று மாதக்கணக்கில் தைலம் தடவிக்கொண்டிருப்பதில் சில, இதுவாக இருக்கும்.

முழங்காலும் அப்படித்தான். உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற இரண்டு பிறை வடிவக் குருத்துகளில் வெளி ஓரத்துக்கு மட்டும் ரத்தம் போகிறது; அங்கே கிழிந்தால் தைத்தால் ஒட்டும். உள் ஓரத்தில் கிழிந்தால் ஒட்டுவது அரிது. முழங்காலின் நடுவே குறுக்காகப் போகும் முன் குருசியேட் லிகமென்ட், அதாவது எல்லோரும் ஏ.சி.எல். என்று சொல்வது, மூட்டு நீரில் நனைந்தபடியே இருக்கிறது. அறுந்தால் ரத்தம் உறைந்து முனைகளைச் சேர்த்துப் பிடிக்க வழியில்லை. தானாகப் பழையபடி சேர்வது அரிது. வேறு இடத்து நாணை எடுத்து வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டுகிறார்கள். அதன் பிறகு திடலுக்குத் திரும்ப 9 மாதமாவது ஆகும். இது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது, பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, இறங்கும்போதும் திரும்பும்போதும் முட்டி உள்நோக்கிச் சாய்வதால். எம்பி இறங்கும்போது இரண்டு முட்டிகளும் பாதங்களுக்கு நேராக இருக்கிறதா என்று தோழியை ஒரு போன் வீடியோ எடுக்கச் சொல். ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி உள்ளே போனால், கணுக்காலைவிட அதைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

உன் கணுக்காலுக்கு வருகிறேன். நார் இழுபட்டு மட்டும் இருந்தால் 1 முதல் 3 வாரம். பாதி கிழிந்திருந்தால் 3 முதல் 6 வாரம். முழுதாக அறுந்திருந்தால் மாதக் கணக்கு, ஆனால் அதற்கும் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படாது. நார் பழைய பலத்துக்கு வர ஒரு வருடம்கூட ஆகலாம்; வலி அதற்கு வெகு நாள் முன்பே போய்விடும். சிக்கலே அங்கேதான்.

இப்போது பாட்டி. எண்ணெய் உருவலை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தக் கை பட்டால் பாதி வலி போகிறது என்பது உண்மை. ஆனால் முதல் மூன்று நாள் உள்ளே இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அப்போது சூடும் அழுத்தமும் வீக்கத்தைக் கூட்டும். காலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து "சுளுக்கு எடுப்பது" எந்த நாளிலும் வேண்டாம். முறிவு இருந்தால் அது விலகும், பாதி கிழிந்த நார் முழுதாகும். நாலாம் நாள் என்கிறாய், எலும்புச் சோதனையிலும் ஒன்றும் இல்லை என்றால், பாட்டியைக் கணுவை விட்டுவிட்டுக் கெண்டைக்காலை மேல்நோக்கி மெதுவாக நீவச் சொல். வீக்கம் வடிய அது உதவும். புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பத்துப் போடுவதென்றால், தோல் வேகாத சூட்டில் போடட்டும். நார் அதனால் சீக்கிரம் ஒட்டாது, கெடுதலும் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். தொடையில் எதிராளியின் முட்டி ஆழமாகக் குத்திக் கன்னிப்போனால் அங்கே அழுத்தி உருவவே கூடாது. உள்ளே உறைந்த ரத்தத்தில் தசைக்கு நடுவே எலும்பு வளர்ந்துவிடும் நிலை ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் முட்டியை மடக்க முடியாமல் போகும். கபடி ஆடும் பையன்களிடம் இதைச் சொல்லிவை.

ஆசிரியர் சொன்ன ஐஸ் பாதி சரி. ஓய்வு, ஐஸ், கட்டு, காலைத் தூக்கி வைப்பது என்ற நாலையும் சேர்த்து 'ரைஸ்' என்று 1978-ல் பரப்பியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். உங்கள் பாடத்திலும் பரீட்சையிலும் அது வரும், அதையே எழுது. ஆனால் அதே மிர்கின் 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கமும் சூடும் உடம்பு பழுது பார்க்கும் வேலையின் முதல் கட்டம். அதை அடியோடு நிறுத்துவதில் லாபம் இல்லை என்பது இப்போதைய எண்ணம். வலிக்கு ஐஸ் நல்லது, அந்த அளவில் வைத்துக்கொள். துணி சுற்றி, 15 நிமிடம். வீட்டில் ஐஸ் கட்டி இல்லையென்றால் கடையில் நீளப் பிளாஸ்டிக் குழாயில் விற்கும் ஐஸ்கிரீம் மலேசியா இரண்டு வாங்கித் துண்டில் சுற்றிக் கணுக்காலைச் சுற்றி வை. வளைந்து கொடுக்கும், உருகினால் மறுபடி உறைய வைக்கலாம். தம்பி தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது உன் பாடு.

படுத்தே இருப்பதுதான் தவறு. புதிதாக உருவாகும் நார் இழைகள் முதலில் தாறுமாறாகக் கிடக்கும். இழுவிசை எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கமாகத்தான் அவை வரிசைப்படும். அசைக்காத கால் ஆறும், ஆனால் பலமாக ஆறாது. இன்றிலிருந்தே பாதத்தை மேலும் கீழும் ஆட்டு. கட்டைவிரலால் காற்றில் உயிரெழுத்து பன்னிரண்டையும் எழுது. வலி தாங்குகிற அளவுக்கு நட. அடுத்த வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி இறங்கு. அப்புறம் ஒற்றைக் காலில் நில்.

ஒற்றைக் காலில் நிற்பதை அலட்சியம் செய்யாதே. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் லிகமென்டில் இருக்கின்றன. நார் கிழியும்போது அவையும் சேதமாகின்றன. வலி போன பிறகும் "திடீர்னு கால் மடங்குது" என்று பிள்ளைகள் சொல்வது இதனால்தான். ஒரு தடவை சுளுக்கிய காலே திரும்பத் திரும்பச் சுளுக்குவதற்கும் இது பெரிய காரணம். பல் விளக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நின்று பழகு. 30 விநாடி ஆடாமல் நிற்க வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு முயற்சி செய். நல்ல காலோடு ஒப்பிட்டுப் பார், வித்தியாசம் உனக்கே தெரியும்.

மாவட்டப் போட்டிக்குப் போகலாமா? தேதியைப் பார்க்காதே, இதைப் பார்: வேகமாக நடக்க, நேராக ஓட, ஒற்றைக் காலில் நல்ல காலுக்குச் சமமாகத் தாவ, பக்கவாட்டில் வெட்டித் திரும்ப, எம்பி அந்தக் காலில் இறங்கி நிற்க, இந்த வரிசையில் ஒவ்வொன்றையும் வலியோ பயமோ இல்லாமல் செய்ய முடிகிறதா? எதில் நிற்கிறாயோ அங்கேயே இன்னும் சில நாள் வேலை செய். வீக்கமும் நீலமும் அதிகமாக இருந்தால் இரண்டு வாரத்தில் இது நடக்காது, ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவிடுவது அணிக்கும் நல்லது. எல்லாம் முடிந்து ஆடப் போனால் லேஸ் வைத்த கணுக்கால் பட்டை ஒன்று போட்டுக்கொள். ஏற்கெனவே சுளுக்கிய காலில் மறு சுளுக்கை அது குறைக்கிறது. ஆறாத காலுக்குக் கட்டுப் போட்டு ஆடுவது வேறு விஷயம், தோழிகள் சொல்வது அது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது அதைவிட மோசம்.

தம்பியின் முட்டிக்குக் கீழே முன்பக்கமாகத் தொட்டால் வலிக்கிற புடைப்பா? கால்பந்து ஆடினால் கூடி, ஓய்வில் குறைகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் ஆஸ்குட் ஷ்லாட்டர். அமெரிக்காவில் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தில் ஷ்லாட்டர், இருவரும் 1903-ல் தனித்தனியே எழுதியதால் இரண்டு பெயர். தொடைத் தசை முட்டிச் சில்லு வழியாக வந்து டிபியாவில் முடியும் இடம் அது. வளர்கிற வயதில் அந்த இடம் இன்னும் முழு எலும்பாக இறுகவில்லை. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை நீளாததால் இழுப்பு முழுவதும் அங்கே விழுகிறது. வளர்ச்சி முடிந்ததும் வலி பெரும்பாலும் போய்விடும், மேடு மட்டும் மிஞ்சலாம். விளையாட்டை அடியோடு நிறுத்த வேண்டாம், குறைத்தால் போதும். ஆனால் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், அடிபடாமலே வளரும் கட்டி என்றால் இது என்று நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவன் வயதில் கணுக்கால் பிசகினாலும் கவனம் தேவை. எலும்பு நீளும் இடமான வளர் தட்டு இன்னும் மூடாத பிள்ளைகளுக்கு லிகமென்டைவிட அந்தத் தட்டே பலவீனமான இடம்.

பாடத்துக்கு வருவோம். பெரியவர்களுக்கு எலும்பு 206 என்று மனப்பாடம் செய்திருப்பாய். அதில் ஒரு கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 27, ஒரு பாதத்தில் 26. நாலையும் கூட்டினால் 106, பாதிக்கும் மேல். ஆகவே பெயர்ப் பட்டியலைக் கையும் பாதமும் வைத்துத் தொடங்கு. பேனாவால் தோல் மேலேயே எழுது, குளித்தால் போய்விடும்.

தசைகளுக்கு மூன்றே கேள்வி: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எந்த மூட்டைத் தாண்டுகிறது. மூன்றும் தெரிந்தால் அது என்ன வேலை செய்யும் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, நீயே சொல்லிவிடலாம். உட்கார்ந்தபடி குதிகாலை நாற்காலிக் காலில் வைத்துப் பின்னால் அழுத்து. முட்டியின் பின்பக்கம் கை வைத்தால் இரண்டு ஓரத்திலும் நாண்கள் விறைத்து நிற்கும். வெளி ஓரத்தில் பைசெப்ஸ் ஃபெமோரிஸ். உள் ஓரத்தில் செமிடெண்டினோசஸ், அதற்கு அடியில் செமிமெம்பிரனோசஸ். இந்த மூன்றும்தான் ஹேம்ஸ்டிரிங். பெரும்பகுதி இடுப்பெலும்பில் உட்காரும் முட்டிலிருந்து வருகிறது. ஆக இடுப்பு, முட்டி என்று இரண்டு மூட்டுகளைத் தாண்டுகிறது. இடுப்பைப் பின்னால் நீட்டும், முட்டியை மடக்கும். சரி, ஓட்டக்காரன் முழு வேகத்தில் காலை முன்னால் வீசி ஊன்றப் போகும் நொடியில் என்ன ஆகிறது? இடுப்பு மடங்கி முட்டி நீள்கிறது, தசை இரண்டு பக்கமும் இழுபடுகிறது, அதே நேரம் காலுக்குத் தடை போட அது சுருங்கவும் பார்க்கிறது. நீளும்போதே சுருங்க முயலும் அந்த நொடியில்தான் கிழிகிறது. 100 மீட்டரில் ஒருவன் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் இனி உனக்குக் காரணம் தெரியும். பரீட்சையில் கேட்கும் எக்சென்ட்ரிக் சுருக்கம் இதுவேதான்.

இன்னும் இரண்டு விஷயம், நீ கேட்கவில்லை. குறுக்கோட்டம் வரும் மாதங்களில் வெயில் கொளுத்தும். வியர்வை வழிந்தால் உடம்பு குளிராது, ஆவியானால்தான் குளிரும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அது ஆவியாவதே கஷ்டம். ஓடுகிற பிள்ளை உளறினால், தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது மயக்கம் என்று நிழலில் உட்கார வைத்துவிட்டு நகராதே. உடம்பின் உள் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். 999-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திராமல் உடனே குழாய்த் தண்ணீரையோ தொட்டித் தண்ணீரையோ உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குளிர வைப்பது, பிறகுதான் ஏற்றிப் போவது. யாரும் மோதாமலே ஒருவன் திடலில் சாய்ந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் அது இதயம் என்றே எடுத்துக்கொள். நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 2021-ல் கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவில் விழுந்து பிழைத்தது இப்படித்தான், உடனே நெஞ்சை அழுத்தினார்கள், மின் அதிர்வுக் கருவி பக்கத்திலேயே இருந்தது. அவர் மறுபடி விளையாடினார். செம்பிறைச் சங்கத்தில் இருந்தால் பயிற்சி கிடைக்கும், புறப்பாடப் புள்ளியும் கிடைக்கும்.

மேற்படிப்புக்கு மூன்று பாதை எனக்குத் தெரியும். மருத்துவம் படித்து, அதன் பிறகு விளையாட்டு மருத்துவத்தில் நிபுணராவது ஒன்று. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. ரொம்ப நீளமான பாதை, ஆனால் மணி ஜெகதீசனை நினைத்துக்கொள்: 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடியவர், மருத்துவரும் அவரே. அந்த நேரம் 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது. இரண்டாவது பிசியோதெரபி. டிப்ளோமாவும் உண்டு, பட்டமும் உண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் (யு.டி.ஏ.ஆர்.) போன்ற இடங்களில் பட்டப் படிப்பு இருக்கிறது. 2016-ன் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ் பிசியோதெரபிஸ்டுகள் பதிந்துகொள்ள வேண்டும் என்பதால், சேரப் போகும் கல்லூரியின் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பார். தரகர் சொல்வதை நம்பாதே. மூன்றாவது விளையாட்டு அறிவியல் பட்டம். பயிற்சியாளர், உடற்தகுதி நிபுணர், ஆசிரியர் வேலைகளுக்கு உதவும், புக்கிட் ஜாலிலில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் இப்படிப் படித்தவர்களும் வேலை செய்கிறார்கள். ஆனால் நோயாளிக்குச் சிகிச்சை தரும் உரிமை அந்தப் பட்டத்தால் வராது.

முதல் இரண்டுக்கும் எஸ்.பி.எம்-மில் உயிரியல் நன்றாக இருக்க வேண்டும். விளையாட்டு அறிவியல் எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறாய், உயிரியல் எடுத்திருக்கிறாயா என்று எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் திங்கட்கிழமையே பள்ளி ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பார். பாடம் மாற்றுவதைப் படிவம் 4-ல் கேட்பது சுலபம், படிவம் 5-க்குப் போன பிறகு ரொம்பக் கஷ்டம்.